லைஃப் கோச்சிடம் போகுமுன்: கொழும்பில் இருக்கிற தமிழருக்கு ஒரு வழிகாட்டி

ஏ.எல் பெறுபேறு வெளிவருகிற வாரத்தில் கொழும்பில் எல்லோருக்கும் வழிகாட்டத் தெரிந்துவிடும். சித்தப்பா சிமா (முகாமைக் கணக்கியல்) படிக்கச் சொல்லுவார். ரியூஷன் சேர் இன்னொருமுறை எடுத்துப்பார் என்பார். ரொறன்ரோவில் இருக்கிற மாமா, "அங்க இருந்து என்ன செய்யப்போறாய்" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். இவர்களில் யாரோ ஒருவர் சொன்னதைப் படித்து, கொள்ளுப்பிட்டியிலோ ராஜகிரியவிலோ ஓர் ஒஃபிஸில் வேலையும் எடுத்து, சில வருடம் போனபிறகுதான் "நான் ஏன் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்" என்ற கேள்வி வரும். கூடவே, "வேறொன்றைச் செய்ய என்னால் ஏலுமா" என்ற பயமும் வரும்.

இந்த இரண்டோடும் லைஃப் கோச்சிடம் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கோச் இல்லை. ஒரு கொம்பனியின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். கோச்சிங் போய் ஆளே மாறிவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், காசைக் கொட்டிவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முந்தினவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்ததால் அப்படி நடக்கவில்லை. தன்னம்பிக்கை வந்தபிறகு செய்யலாம் என்று காத்திராமல், பயத்தோடேயே சின்னதாக ஏதோவொன்றைச் செய்யத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். கோச்சின் வேலையே அந்தச் சின்னதைத் தேடி எடுக்க உதவுவதும், செய்தீர்களா என்று அடுத்த கிழமை கேட்பதும்தான்.

முதலில்: உங்களுக்குத் தேவை கோச்தானா?

இதைத் தாண்டிப்போக வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை கெட்டிருக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, முந்திப் பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இருந்தென்ன என்று தோன்றுகிறது என்றால், அதற்குக் கோச்சிங் மருந்தில்லை. வைத்தியரைப் பார்க்கவேண்டும். அரச வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளில் காசில்லாமலே பார்க்கலாம். அங்கொடையில் இருக்கிற தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது. யாரிடமாவது மனம்விட்டுக் கதைத்தால் போதும் என்றால் ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்திரயோ இருக்கிறது. 1974 முதல் தொண்டர்கள் அங்கே இலவசமாக, பெயர் வெளியே போகாமல், காதுகொடுத்துக் கேட்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 1990 அம்புலன்ஸ். நல்ல கோச் என்றால் இப்படியான நிலையில் வருகிறவரை அவரே அங்கே அனுப்பிவிடுவார். "மருந்தெல்லாம் வேண்டாம், மைண்ட்செட்டை மாற்றினால் சரி" என்று சொல்கிற கோச்சிடமிருந்து அன்றைக்கே எழும்பி வந்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு பேருக்குக் கோச் தேவையில்லை. ஒருவர், தகவல் தெரியாதவர். எந்தப் பாடத்தோடு எந்தப் பட்டப்படிப்புக்குப் போகலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பார்க்கலாம். வேலை செய்துகொண்டே படிக்க வழியுண்டா என்று நாவலையில் இருக்கிற திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கேட்கலாம். மற்றவர், வேலைத்தளத்தில் உண்மையிலேயே ஒதுக்கப்படுகிறவர். மீட்டிங் முழுக்கத் தெரியாத மொழியில் நடக்கிறது, மின்னஞ்சலும் அப்படியே வருகிறது, கேட்டால் சிரிக்கிறார்கள் என்றால் அதற்குப் பெயர் தன்னம்பிக்கைக் குறைவு இல்லை. அது எங்களைப்போல மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் பார்க்கவேண்டிய பிரச்சினை. எழுத்தில் முறையிடுங்கள்.

இரண்டாவது: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"என் வாழ்க்கையின் நோக்கம் என்ன" என்ற கேள்வியோடு போனால் கோச்சும் ஒன்றும் செய்யமுடியாது. முதல் இரண்டு அமர்வுகள் கேள்வியைச் சின்னதாக்குவதிலேயே கரைந்துவிடும், அதற்கும் காசு நீங்கள்தான் கொடுக்கவேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

ஒரு சிறிய கொப்பி எடுங்கள். ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் இரவில் மூன்றே மூன்று விஷயம் எழுதுங்கள். இன்றைக்கு எந்த வேலை செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை? எந்த வேலையை நாளைக்கு என்று தள்ளினேன்? யாரைப் பார்த்து எரிச்சல் வந்தது? மூன்றாவதை எழுதத்தான் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். ஆனால் விஷயம் பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும். கூடப்படித்தவன் அவுஸ்திரேலியா போனதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை, ஆனால் இன்னொருத்தி வீட்டில் கேக் செய்து விற்பதைப் பார்த்து மனம் குறுகுறுத்தது என்றால், உங்களுக்கு வேண்டியது விசா இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

கிழமை முடிந்ததும் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நீங்கள் இப்போது துரத்துகிற விஷயங்கள்: பதவி உயர்வு, வெளிநாடு, வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட், எம்.பி.ஏ. வலப்பக்கம், அது முதன்முதலில் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். அப்பா என்றால் அப்பா. அப்பா சொன்னது என்பதாலேயே அது பிழையாகிவிடாது. 2022 நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வீட்டார் "பாதுகாப்பான வேலையை விடாதே" என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாருடைய ஆசையை யார் சுமக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் போதும்.

கடைசியில் ஒரே ஒரு வசனம் எழுதுங்கள். "மூன்று மாதத்துக்குள் மீட்டிங்கில் பயமில்லாமல் என் கருத்தைச் சொல்லவேண்டும்." "கணக்கியலிலிருந்து கற்பித்தலுக்கு மாறுவதா இல்லையா என்று தை மாதத்துக்குள் முடிவெடுக்கவேண்டும்." இந்த அளவு தெளிவு இருந்தால் போதும், கோச்சைத் தேடலாம்.

மூன்றாவது: ஆளைத் தேடுவது

வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் பதிவு இருப்பதுபோல லைஃப் கோச்சுக்குக் கிடையாது. நாளைக்குக் காலையில் நான்கூடப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். ஆகையால் விசாரிப்பது உங்கள் பொறுப்பு.

உலகளவில் அதிகம் தெரிந்த அமைப்பு 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் சம்மேளனம், சுருக்கமாக ஐ.சி.எஃப். அது மூன்று படிநிலைச் சான்றிதழ்கள் கொடுக்கிறது. ஏ.சி.சி.க்குக் குறைந்தது 60 மணிநேரப் பயிற்சியும் 100 மணிநேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். பி.சி.சி.க்கு 125, 500. எம்.சி.சி.க்கு 200, 2,500. சான்றிதழ் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த அமைப்பின் இணையத்தளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். சான்றிதழ் இல்லாத நல்லவர்களும் இருக்கிறார்கள், சான்றிதழோடு அலுப்படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை முதல் வடிகட்டலாக மட்டும் வையுங்கள்.

பெரும்பாலான கோச்சுகள் முதல் அறிமுகக் கதைக்குக் காசு எடுப்பதில்லை. அதில் இவற்றைக் கேளுங்கள்: எங்கே பயின்றீர்கள்? என்னைப்போன்ற பிரச்சினையோடு வந்த ஒருவரோடு எப்படி வேலை செய்தீர்கள் (பெயர் சொல்லாமல்)? எத்தனை அமர்வு, ஒன்றுக்கு எவ்வளவு, இடையில் நிறுத்தினால் மிச்சக் காசு என்னவாகும்? நான் சொல்வது யாருக்குப் போகும்? கடைசிக் கேள்வி கொழும்பில் மிக முக்கியம். வெள்ளவத்தையில் இரண்டு பேரைக் கேட்டால் மூன்றாவது ஆள் சொந்தக்காரராக வந்துவிடுவார். உங்கள் பெரியம்மா போகிற கோயிலுக்கே கோச்சும் போகிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கொம்பனி காசு கட்டி அனுப்புகிறது என்றால், மனேஜருக்கு என்ன அறிக்கை போகும் என்பதைத் தொடங்கமுன் எழுத்தில் வாங்குங்கள். நான் அந்தப் பக்கத்தில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

விலகவேண்டிய ஆட்கள் யார் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். "30 நாளில் வாழ்க்கை மாறும், உத்தரவாதம்" என்பவர். "இன்றைக்குக் கட்டினால் அரைவிலை" என்பவர். சாதகம் கேட்பவர். எல்லாவற்றையும்விட மோசமானது ஹோட்டல் மண்டபத்தில் "உங்கள் கனவைக் கண்டடையுங்கள்" என்று இலவசமாக நடக்கிற கூட்டம். முதல் ஒரு மணித்தியாலம் கைதட்டல், கண்ணீர். அடுத்த அரை மணித்தியாலத்தில் "உங்களுக்குக் கீழே இரண்டு பேரைச் சேருங்கள்" என்று வந்து நிற்கும். பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்திய நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. போகுமுன் பாருங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒன்று. கடன் அட்டையில் போட்டுப் போகவேண்டாம். அமர்வுக்கு அமர்வு காசு எடுக்கிற கோச்சையே முதலில் தேடுங்கள். பத்து அமர்வுப் பொதி மலிவாகத் தெரியும், நான்காவதில் நிறுத்தவேண்டி வந்தால்தான் மலிவில்லை என்று விளங்கும்.

நான்காவது: எந்த மொழியில், எங்கே இருந்து

ஒஃபிஸில் ஆங்கிலம், பஸ்ஸில் சிங்களம், வீட்டில் தமிழ் என்று மூன்றிலும் சமாளிக்கிற ஆட்கள் நாங்கள். கோச்சிங் என்றதும் பலர் ஆங்கிலத்தைத்தான் எடுக்கிறார்கள். கோச்சுகளில் பலர் அந்த மொழியில் பயின்றவர்கள் என்பது ஒரு காரணம். கெட்டிக்காரத்தனமாகத் தெரியவேண்டும் என்ற நினைப்பு இன்னொன்று. என் அபிப்பிராயம்: நீங்கள் உங்களையே எந்த மொழியில் திட்டிக்கொள்கிறீர்களோ அந்த மொழியில் அமர்வு நடக்கவேண்டும். "உனக்கெல்லாம் இது சரிவராது" என்று உள்ளுக்குள் கேட்கிற குரல் தமிழில் இருக்கும்போது, அதை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தால் விஷயம் நாகரிகமாகிவிடும், காரம் போய்விடும். தமிழ்க் கோச் கிடைக்காவிட்டால், இடையிடையே தமிழில் சொல்ல அனுமதிக்கிற, அதைப் புரிந்துகொள்கிற ஆளாவது வேண்டும்.

இடம் பெரிய தலைவலி. சூமில் என்றால், இரண்டு அறை ஃபிளாட்டில் அம்மா குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். இயர்ஃபோனைப் போட்டுக்கொண்டு மரைன் டிரைவில் கடற்பக்கமாக நடந்தபடி கதைக்கிறவர்கள் உண்டு. ரயில் போகும்போது மட்டும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கவேண்டும். விகாரமகாதேவி பூங்காவின் பகல்நேர பெஞ்சுகளும் பரவாயில்லை. நேரில் சந்திப்பதென்றால் ஒஃபிஸோ பொது இடமோ நல்லது. கோச்சின் வீட்டுக்கு முதல் நாளே போகாதீர்கள், பெண்கள் முக்கியமாக.

ஐந்தாவது: அமர்வில் என்ன நடக்கும்

எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை கோச்சை "சேர்" ஆக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு புத்திமதிக்குக் காத்திருப்பது. அவர் கேட்கத்தான் இருக்கிறார், சொல்ல இல்லை. "சேர்" என்றோ "மிஸ்" என்றோ கூப்பிடுவது பிழையில்லை, பதில் மட்டும் உங்களிடமிருந்து வரவேண்டும். கோச்சுகள் பலர் பயன்படுத்துகிற ஒழுங்கு, ஜோன் விட்மோர் 1992இல் எழுதிப் பரவலாக்கிய குரோ முறை. என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப்போகிறீர்கள் என்ற நான்கு கட்டம். கேட்க இலகுவாகத்தான் இருக்கும். இரண்டாவது கட்டத்தில்தான் வியர்க்கும். ஓர் உதாரணம், ஒரு கணக்குப் பிரிவுப் பிள்ளைக்கும் கோச்சுக்கும் இப்படிப் போகலாம்:

"மீட்டிங்கில என்னால கதைக்க ஏலாது மிஸ்."

"கடைசியா எந்த மீட்டிங்கில கதைக்காம இருந்தனீங்கள்?"

"போன செவ்வாய்."

"அண்டைக்குச் சொல்ல ஏதாவது இருந்ததோ?"

"ஸ்டொக் கணக்கில ஒரு பிழை இருந்தது. வேற ஒராள் விளக்கம் சொன்னார், அதுவும் பிழை."

"பிழை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்த ஷீட்டைச் செய்ததே நான்தானே."

இதற்குப் பிறகு மிஸ் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. "கதைக்க ஏலாது" என்று வந்தவர், அறையில் இருந்த எல்லோரையும்விடத் தனக்கு அதிகம் தெரிந்திருந்தது என்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். "எப்பவும்", "ஒருபோதும்" என்று வருகிற பேச்சை ஒரு திகதிக்கும் ஒரு மேசைக்கும் இறக்குவதுதான் நல்ல கோச்சின் கைவேலை. உங்கள் கோச் அமர்வின் பாதி நேரம் தன் வெற்றிக்கதையைச் சொல்கிறார் என்றால், அவர் வேறு தொழில் செய்கிறார்.

ஆறாவது: சுய சந்தேகத்தோடு வேலை செய்வது

"நான் இங்கே இருக்கத் தகுதியில்லாதவன், ஒருநாள் பிடிபடுவேன்" என்ற உணர்வை 1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் விவரித்து எழுதினார்கள். அவர்கள் பார்த்தது தோற்றுப்போனவர்களை இல்லை, நன்றாகச் சாதித்த பெண்களை. அது ஒரு நோயின் பெயரும் இல்லை. ஏ.எல்லில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் குறைந்தது என்பதை முப்பத்தைந்து வயதிலும் சுமக்கிற ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அதற்கு ஒரு வருடம் முந்தி, 1977இல், அல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் "இதை என்னால் செய்யமுடியும்" என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்று எழுதினார். நானே செய்து முடித்த அனுபவம். என்னைப்போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. மற்றவர் சொல்கிற வார்த்தை. உடம்பின் நிலை. இந்த நான்கில் பலமானது முதலாவது. ஊக்கப் பேச்சுக் கூட்டங்கள் நம்பியிருப்பது மூன்றாவதை. கூட்டம் முடிந்து 155 பஸ் ஏறும்போதே நம்பிக்கை இறங்கிவிடுவது ஏனென்று இப்போது விளங்கும்.

மேலே சொன்ன பிள்ளைக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். அடுத்த செவ்வாய் ஒரே ஒரு வசனம். அதை ஆங்கிலத்தில் ஒரு சிட்டையில் எழுதி, வீட்டில் நாலுதரம் சத்தமாக வாசிக்கவேண்டும். பிறகு பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வகைத் திட்டம்: "மனேஜர் 'வேறேதும் இருக்கிறதா' என்று கேட்டால், சிட்டையைப் பார்த்து அந்த வசனத்தை வாசிப்பேன்." தைரியமாக இருப்பேன் என்று சபதமெடுப்பதைவிட இது வேலைசெய்யும், ஏனென்றால் அந்த நொடியில் யோசிக்கவேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அதற்கடுத்த கிழமை சிட்டை இல்லாமல் ஒரு கேள்வி. அதற்கடுத்தது ஐந்து நிமிட விளக்கம்.

இரண்டாவது வழிக்கு, பிரபலமானவரைப் பார்க்கவேண்டாம். ஹட்டனிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வந்து, பிந்தி ஆங்கிலம் பழகி, இப்போது இரண்டு மேசை தள்ளி இருக்கிறவரோடு ஒருநாள் மத்தியானம் சேர்ந்து சாப்பிடுங்கள். மூன்றாவதற்கு, "நீ கெட்டிக்காரி" என்று அம்மா சொல்வது மனதுக்கு இதம், ஆனால் உதவாது. கூட வேலை செய்கிற ஒருவரிடம், "என் வேலையில் எதை நம்பி என்னிடம் தருகிறீர்கள்" என்று கேளுங்கள். நான்காவது மிகச் சாதாரணம்: வத்தளையிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் நின்று, வெறும் வயிற்றில் பிளேன் டீ குடித்துவிட்டு மீட்டிங்குக்குப் போனால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். அதைப் பயம் என்று எண்ணிவிடாதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. சந்தேகம் சிலவேளை சரியாகவும் இருக்கும். எக்செல் உண்மையிலேயே தெரியாது என்றால் அதற்கு மருந்து எக்செல் வகுப்பு. அதைக் கோச்சிடம் கொண்டுபோய் ஆராயத் தேவையில்லை.

ஏழாவது: நோக்கத்தைப் பரீட்சித்துப் பார்ப்பது

நோக்கம் யோசித்துக் கிடைப்பது குறைவு. வேலையை விடாமல், ஆறு கிழமைக்கு, சனிக்கிழமைகளில் மட்டும் பரீட்சித்துப் பாருங்கள். கற்பித்தல் என்றால் அயலில் ஓ.எல் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணிதம் சொல்லிக்கொடுங்கள். சமையல் என்றால் பத்துப் பேருக்கு ஓர்டர் எடுத்துச் செய்யுங்கள். தமிழ், எழுத்து என்றால் ருத்ரா மாவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது, நிகழ்ச்சிகளும் நடக்கும். போய் நாலு பேரைப் பழகுங்கள். கைத்தொழில் என்றால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிற பகுதிநேரப் பயிற்சிகளை விசாரியுங்கள். ஆறாவது சனிக்கிழமை எழும்பும்போது அலுப்பா, ஆவலா என்று பாருங்கள். ஆறு சனிக்கிழமையில் அலுத்துப்போனால் நல்லதுதான்: இராஜினாமாக் கடிதம் எழுதாமலே ஒரு கனவைக் கழித்துவிட்டீர்கள்.

வீட்டில் எப்போது சொல்வது என்று எல்லோரும் கேட்பார்கள். பரீட்சித்துப் பார்த்தபிறகு சொல்லுங்கள். "எனக்கு இந்த வேலை பிடிக்கேல்லை அப்பா" என்றால் சண்டை. "அப்பா, ஆறு கிழமையா நாலு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன், இவ்வளவு வருது, வேலையை இன்னும் விடேல்லை" என்றால் அவரும் கணக்குக் கேட்கத் தொடங்குவார். அப்பாக்கள் கணக்கோடு வந்தால் இறங்கிவருவார்கள்.

எப்போது நிறுத்துவது

மூன்றாவது அமர்வு முடிய, கொப்பியில் எழுதிய ஒற்றை வசனத்தை எடுத்துப் பாருங்கள். அதை நோக்கி வெளியில் ஏதாவது செய்தீர்களா? அமர்வு முடிந்ததும் மனம் லேசாக இருந்தது என்பது கணக்கில் வராது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் கோச்சிடம் நேராகச் சொல்லுங்கள். நல்ல ஆளென்றால் கோபிக்கமாட்டார், முறையை மாற்றுவார், இல்லாவிட்டால் வேறு ஆளைக் காட்டுவார். ஒவ்வொரு சின்ன முடிவுக்கும் கோச்சைக் கேட்கவேண்டும்போல இருக்கிறது என்றாலும் நிறுத்தவேண்டிய நேரம்தான்.

காசு கொடுக்க வசதியில்லாதவர்கள் இப்படிச் செய்யலாம். ஒரு சிநேகிதரைப் பிடியுங்கள், சொந்தக்காரர் வேண்டாம். கிழமைக்கு ஒருநாள், ஆளுக்கு இருபது நிமிடம். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் கேள்வி மட்டும் கேட்கலாம். "நான் உன்ர இடத்தில இருந்தா" என்று தொடங்கக்கூடாது. இருபதாவது நிமிடத்தில் அடுத்த கிழமைக்குள் செய்யப்போகிற ஒன்றைத் திகதியோடு வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவேண்டும். அடுத்த சந்திப்பு அந்த மெசேஜைத் திறப்பதிலிருந்து தொடங்கும். செய்யாமல் வந்தவர் அன்றைக்கு ரீக்குக் காசு கொடுப்பார்.